பயன் முடிந்த பொறிகள்

ஒரு பொருளை ஆக்குவதற்கு அறிவு வேண்டும். ஆக்கிய பொருளை உரிய காலத்தில் முறையாகக் கழிப்பதற்கு அதனினும் மிகுந்த அறிவு வேண்டும். முன்னாளில் வாழ்ந்தவர்கள் இவ்விரண்டையும் பிரித்து எண்ணவில்லை. வீட்டில் இருந்த பித்தளைக் குடம் நசுங்கினால் அது கன்னாரிடம் சென்று செம்மையுற்று மீண்டது. பாத்திரத்தின் உட்பூச்சு தேய்ந்தால் ஈயம் பூசுவோர் தெருவுக்கே வந்து அதனைப் புதுப்பித்தனர். இனிப் பயன்படாது என்னும் நிலை வந்தபோதும் அக்குடம் எறியப்படவில்லை. எடைக்குச் சென்று, உருகி, வேறொரு குடமாகப் பிறந்தது. பொருளின் பிறப்பை அறிந்தவர்கள் அதன் முடிவையும் அறிந்திருந்தார்கள். ஆதலின் குப்பைமேட்டில் உலோகத்தைக் காண்பது அரிதாக இருந்தது.

இன்றைய நிலை வேறு. இன்று வீடுகளிலும் அலுவலகங்களிலும் இயங்கும் மின்னணுக் கருவிகளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பெரும்பாலோர் அறியார். அவை பழுதான பின் எங்கே போகின்றன என்பதையும் அறியார். ஐக்கிய நாடுகளைச் சார்ந்த அமைப்புகள் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை ஒன்று இதனைப் பற்றிய கணக்கைத் தருகிறது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் ஆகும். நாற்பது டன் சுமக்கும் பெரிய லாரிகளில் அதனை ஏற்றினால், பதினைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகள் வேண்டும். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் அவ்வரிசை பூமியின் நடுக்கோட்டை ஏறத்தாழச் சுற்றி வந்துவிடும். இவ்வளவு கழிவில், முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் ஏறியது நூற்றுக்கு 22.3 பங்கே. எஞ்சியது மண்ணில் புதைந்ததோ, நெருப்பில் எரிந்ததோ, ஏழைகளின் கைகளில் உடைந்ததோ, முறையான கணக்கு இல்லை.

இந்தப் பெருங்குவியலில் ஒரு சிறு பகுதியாக, ஆயினும் பெரும்பாடம் கற்பிக்கும் பகுதியாக இருப்பவை, பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை அகழ்வதற்கென்றே செய்யப்படும் பொறிகள். அவற்றின் வரலாற்றை அறிவோர், இக்காலப் பொருளாக்கத்தின் நோய் இன்னதென்று தெளிவாக அறிந்துகொள்ளலாம்.

பிட்காயின் என்பது எந்த அரசும் அச்சிடும் நாணயம் அன்று. கையில் எடுத்துப் பார்ப்பதற்கு அதில் காசும் இல்லை, தாளும் இல்லை. உலகெங்கும் உள்ள கணிப்பொறிகள் பல ஒன்றுசேர்ந்து காக்கும் ஒரு கணக்கேடு அது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது அந்த ஏட்டில் பதிவாகிறது. சதோஷி நாகமோட்டோ என்னும் புனைபெயர் கொண்ட ஒருவரோ பலரோ 2008-ஆம் ஆண்டு இதற்கான திட்டத்தை வெளியிட்டனர். 2009-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கணக்கேடு தொடங்கியது.

அரசும் வங்கியும் இல்லாத இடத்தில் கணக்கை எழுதுபவர் யார்? பொய்க்கணக்கு எழுதாமல் தடுப்பது எது? இதற்கு ஒரு போட்டி வகுக்கப்பட்டது. ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் அந்த ஏட்டில் சேரும். அப்பக்கத்தைச் சேர்க்கும் உரிமையைப் பெற விரும்புவோர் ஒரு புதிரான எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கக் குறுக்குவழி இல்லை. ஒவ்வோர் எண்ணாக இட்டுப் பார்த்துத் தள்ளுவதே வழி. முதலில் கண்டவருக்குப் புதிய நாணயங்கள் பரிசாகக் கிடைக்கும். மலையைக் குடைந்து பொன்னைத் தேடுவது போல எண்களைக் குடைந்து நாணயத்தைத் தேடுவதால், இத்தொழிலை ‘அகழ்தல்’ என்று அழைத்தனர். ஏமாற்ற நினைப்பவன் உலகத்தார் அனைவரும் செய்யும் உழைப்பை விஞ்சி உழைக்க வேண்டியிருத்தலின் கணக்கேடு காக்கப்படுகிறது. எண்ணிப் பார்த்தால் இது கூர்மையான அறிவின் விளைவே, அதில் ஐயமில்லை.

ஆனால் இந்த ஏற்பாட்டில் மற்றொரு விதியும் உண்டு. பொறிகள் மிகுந்து எண்கள் விரைவாகக் கிடைக்கத் தொடங்கினால், புதிர் தானாகவே கடினமாகிவிடும். 2016 பக்கங்கள் சேர்ந்தவுடன், அதாவது ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை, கடினத்தின் அளவு திருத்தப்படும். எத்தனை பேர் எத்தனை பொறிகளைக் கொண்டு உழைத்தாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் என்னும் கணக்கு மாறுவதில்லை. தேர்த்திருவிழாக் கூட்டத்தில் முன்வரிசையில் நிற்பவன் குதிகாலை உயர்த்தி எம்பினால், பின்வரிசையில் நிற்பவனும் எம்ப வேண்டியவனாகிறான். எல்லாரும் எம்பிய பிறகு தேர் எவருக்கும் முன்னினும் நன்றாகத் தெரிவதில்லை; கால்வலி ஒன்றே மிச்சம். பொறிகளின் போட்டியும் இத்தகையதே.

போட்டி வளர்ந்த விதத்தைப் பார்க்கலாம். 2009-இல் வீட்டில் உள்ள சாதாரணக் கணிப்பொறியே நாணயம் அகழப் போதுமானதாக இருந்தது. 2010-இல் படங்களைக் காட்டுவதற்கென்று செய்யப்பட்ட கிராபிக்ஸ் அட்டைகள் அவ்வேலையை இன்னும் விரைவாகச் செய்யும் என்று கண்டுகொண்டனர். 2013-இல், இந்த ஒரு கணக்கை மட்டுமே செய்யத் தெரிந்த சில்லுகளைக் கொண்ட தனிப்பொறிகள் சந்தைக்கு வந்தன. ஏசிக் என்று அவற்றை அழைப்பர். அவை வந்தவுடன் முன்னவை எல்லாம் ஒதுங்கின.

ஏசிக் பொறிகளுக்குள்ளும் போட்டி ஓயவில்லை. 2016-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ஆன்ட்மைனர் எஸ்9 என்னும் பொறி, ஒரு விநாடியில் ஏறத்தாழ 14 இலட்சம் கோடி எண்களை இட்டுப் பார்த்தது. கேட்போர் வியக்கும் வேகம் அது. 2020-இல் வந்த எஸ்19 ஒரு விநாடியில் 95 இலட்சம் கோடி எண்களைப் பார்த்தது. 2023-இல் அறிவிக்கப்பட்ட எஸ்21 அதனையும் இரு மடங்குக்கு மேல் விஞ்சி 200 இலட்சம் கோடியை எட்டியது. எஸ்9 செய்த வேலையைப்போல் பதினான்கு மடங்கு வேலையை, இரண்டரை மடங்குக்குச் சற்றே மிகுந்த மின்சாரத்தில் இது செய்தது. மறுபுறம் பரிசோ குறைந்துகொண்டே வந்தது. தொடக்கத்தில் பக்கத்துக்கு 50 நாணயமாக இருந்த பரிசு 2012, 2016, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் படிப்படியாகப் பாதியாகி, 3.125 ஆகச் சுருங்கியது.

இதன் விளைவு யாது? பழைய பொறி உடைவதில்லை, துருப்பிடிப்பதில்லை, அதன் விசிறி சுழல்கிறது, சில்லுகள் வேலை செய்கின்றன. ஆயினும் ஒருநாள் காலையில் கணக்குப் பார்க்கும்போது, அது ஈட்டும் நாணயத்தின் விலை, அது உண்ணும் மின்சாரத்தின் விலையை விடக் குறைந்துவிடுகிறது. அன்றே அதன் வாழ்வு முடிந்தது. உழவுமாடு முதுமையால் தளர்கிறது. வண்டிச்சக்கரம் தேய்வால் ஓய்கிறது. இப்பொறியோ வலிமை குன்றாமல் இருக்கும்போதே பயனற்றது என்று தள்ளப்படுகிறது. தள்ளப்பட்ட பின் வேறு வேலைக்கு அமர்த்தலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பழைய கணிப்பொறியில் ஒரு மாணவன் பாடம் படிக்கலாம். பழைய கிராபிக்ஸ் அட்டையில் ஒருவன் படம் வரையலாம். ஏசிக் சில்லுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கணக்கு. அந்தக் கணக்கால் பயன் இல்லை என்றால், அதனால் ஆகும் வேலை வெப்பம் தருவது ஒன்றே. குளிர்நாட்டார் சிலர் பழைய பொறிகளைக் கணப்பாகப் பயன்படுத்தி வீட்டைச் சூடேற்றுகின்றனர். நல்ல முயற்சியே, ஆயினும் இலட்சக்கணக்கான பொறிகளுக்கு அத்தனை கணப்பறைகள் உலகில் இல்லை.

2017-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பிட்காயின் ஏறத்தாழ 20,000 டாலருக்கு விற்றது. ஓராண்டில் அது 4,000 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. அப்போது சீன நாட்டில் நேற்றுவரை பெருவிலை பெற்ற பொறிகள் பழைய இரும்பைப் போல எடைக்கு விற்கப்பட்டன. விலை ஏறும்போது பொறிகளைக் குவிப்பதும், விலை இறங்கும்போது அவற்றைக் கொட்டுவதும் இத்தொழிலின் இயல்பாகிவிட்டன.

2021-ஆம் ஆண்டில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. 2019 செப்டம்பரில் உலகின் அகழ்வு ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு சீனத்தில் இருந்தது. அந்நாட்டு அரசு 2021-இல் இத்தொழிலைத் தடை செய்தது. பொறிகள் கூட்டம் கூட்டமாகப் புலம்பெயர்ந்தன. சில கசகஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் மின்தட்டுப்பாட்டை மிகுவித்தன. பல அமெரிக்காவுக்குச் சென்றன. அங்கே டெக்சஸ் மாநிலத்தில் ராக்டேல் என்னும் சிற்றூர் உண்டு. அவ்வூரில் நெடுங்காலம் நடந்துவந்த அலுமினிய உருக்காலை 2008-இல் நின்றது. ஆலைக்காக அமைந்த மின்வசதி அங்கே எஞ்சியிருந்தமையால், 2020-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிட்காயின் அகழும் பெருநிலையம் அவ்விடத்தில் எழுந்தது. ஒருகாலத்தில் உலகுக்கு அலுமினியம் வார்த்துக் கொடுத்த மண்ணில், அலுமினியத் தகடுகளைப் போர்த்த பொறிகள் இன்று வரிசை வரிசையாக இரைகின்றன. அன்று விளைந்த அலுமினியம் பாத்திரமாகவும் வண்டியாகவும் பல்லாண்டு பயன்பட்டது. இன்று வரும் அலுமினியம் சில ஆண்டுகளில் கழிவாகிறது. காலத்தின் போக்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி அரிது.

இக்கழிவின் அளவு எவ்வளவு என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அலெக்ஸ் டி விரீஸ், கிறிஸ்டியன் ஸ்டோல் ஆகிய இருவரும் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பொறியின் சராசரி வாழ்நாள் 1.29 ஆண்டு என்றும், அதனால் விளையும் கழிவு ஆண்டுக்கு 30,700 டன் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். நெதர்லாந்து நாடு முழுவதும் கழிக்கும் சிறு தகவல்தொடர்புக் கருவிகளின் அளவுக்கு அது ஒப்பாகும் என்றும் கூறினர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2025-இல் வெளியிட்ட அறிக்கையோ, அகழ்வு நிறுவனங்களைக் கேட்டறிந்து, கழிவு அதனினும் மிகக் குறைவு என்றது. கழிக்கப்படும் பொறிகளில் பெரும்பகுதி விற்கப்படுகிறது, வேறு வகையில் பயன்படுகிறது, அல்லது மறுசுழற்சிக்குச் செல்கிறது என்று நிறுவனங்கள் தெரிவித்தன. பொறிகள் முன்னினும் நீண்டகாலம் உழைக்கின்றன என்பதும் உண்மையே. நடுநிலையாளர் இரு பக்கத்தையும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

அவ்வாறு சீர்தூக்கினாலும் ஒரு வினா எஞ்சுகிறது. விற்கப்பட்ட பொறி எங்கே போகிறது? மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நாட்டுக்குப் போகிறது. அமெரிக்காவில் ஊதியம் தராத பொறி எத்தியோப்பியாவிலோ பராகுவேயிலோ இன்னும் சில ஆண்டுகள் ஊதியம் தரும். அதன் பிறகு? அங்கேயும் ஒருநாள் அதன் கணக்கு முடியும். அப்போது அதனை முறையாகப் பிரித்தெடுக்கும் ஆலை அந்நாட்டில் இருக்குமா? புதுப்பொறியின் ஊதியத்தை உண்டவர் ஒருவர். பழம்பொறியின் பிணத்தைச் சுமப்பவர் மற்றொருவர். கை மாறுதல் வேறு. கடன் தீர்தல் வேறு. விற்றுவிட்டோம் என்பதனாலேயே பொறுப்பு ஒழிந்துவிடாது.

ஏழை நாடுகளில் மின்னணுக் கழிவு என்ன செய்கிறது என்பதற்குச் சான்றுகள் பல உண்டு. கானா நாட்டின் தலைநகரான அக்ராவில் அக்போக்புளோஷி என்னும் இடம் பல்லாண்டுகள் பழைய கருவிகளின் சந்தையாக இருந்தது. செம்புக் கம்பியை எடுப்பதற்காக இளைஞர்கள் மின்வடங்களைத் தீயிலிட்டுக் கொளுத்தினர். கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் எரிந்து கரும்புகை சூழ்ந்தது. 2021-இல் அரசு அவ்விடத்தை இடித்து அப்புறப்படுத்தியது. அத்தொழிலை நம்பியவர்கள் சிதறி வேறிடங்களுக்குச் சென்றனர். சீனத்தின் குவாங்டாங் மாகாணத்தில் குய்யு என்னும் ஊரில் மின்சுற்றுப் பலகைகளை அடுப்பில் வாட்டிச் சில்லுகளைப் பெயர்த்தனர். பொன்னைப் பெறுவதற்காக அமிலத்தில் ஊறவைத்தனர். அவ்வூர்ச் சிறுவர்களின் குருதியில் ஈயம் மிகுந்திருந்ததை மருத்துவ ஆய்வுகள் காட்டின. ஈயம் வளரும் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. தில்லியின் சீலம்பூரிலும் எளிய மக்கள் சிறு அறைகளில் அமர்ந்து வெறுங்கையால் இத்தொழிலைச் செய்து வந்துள்ளனர்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முறைசாராத் தொழில்களில் உழைக்கும் சிறுவர் சிறுமியர் 1 கோடியே 80 இலட்சத்துக்கும் மேற்பட்டவர். கழிவைப் பிரித்தலும் அத்தொழில்களுள் ஒன்று. அவர்களுள் ஐந்து வயதுக் குழந்தைகளும் உள்ளனர். பலகைகளின் நுண்ணிய இடுக்குகளில் இருக்கும் உறுப்புகளைப் பெயர்க்கச் சிறுவிரல்கள் ஏற்றவை என்பதே காரணம். புத்தகத்தைப் புரட்ட வேண்டிய விரல்கள் நஞ்சைத் துழாவுகின்றன. பயன் பெற்றோர் ஓரிடத்தில் இருக்கப் பாவம் அறியாதோர் மற்றோரிடத்தில் துன்புறுதல் நீதியாகுமா?

கழிவு என்று பெயரிட்டமையால் அது பயனற்றது என்று எண்ணுதல் தவறு. அகழ்வுப் பொறியைப் பிரித்துப் பார்த்தால், அதன் எடையில் பெரும்பகுதி வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் அலுமினியமாகவே இருக்கக் காணலாம். அடுத்து இரும்பும் செம்பும். பலகையை ஒட்டிய வெள்ளீயம். சில்லுகளிலும் இணைப்புகளிலும் மிக நுண்ணிய அளவில் பொன். அலுமினியத்தைத் தாதுவிலிருந்து பிரித்தெடுப்பதற்கு மிகுந்த மின்சாரம் வேண்டும்; பழைய அலுமினியத்தை உருக்கி வார்ப்பதற்கு அதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றல் போதும். ஆகவே ஒரு பொறியை மண்ணில் புதைப்பது, ஒரு சிறு சுரங்கத்தையும் அதில் செலவான ஆற்றலையும் சேர்த்துப் புதைப்பதாகும்.

சப்பான் நாட்டு மக்கள் இதனை உலகறியக் காட்டினர். தோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கு வேண்டிய ஏறத்தாழ 5,000 பதக்கங்களையும் பழைய மின்னணுக் கருவிகளிலிருந்தே செய்வது என்று அவர்கள் உறுதிபூண்டனர். 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச்சு வரை நாடெங்கும் மக்கள் பழைய கைப்பேசிகளையும் சிறு கருவிகளையும் கொணர்ந்து குவித்தனர். 62 இலட்சம் கைப்பேசிகள் உட்பட ஏறத்தாழ 79,000 டன் கருவிகள் சேர்ந்தன. அவற்றிலிருந்து 32 கிலோ பொன்னும், 3,500 கிலோ வெள்ளியும், 2,200 கிலோ வெண்கலமும் கிடைத்தன. வென்ற வீரர் கழுத்தில் விளங்கிய பொன், ஒருகாலத்தில் யாரோ ஒரு பள்ளி மாணவனின் மேசை இழுப்பறையில் உறங்கிய கைப்பேசியில் இருந்த பொன்னாகவும் இருக்கலாம். ஊர் கூடித் தேர் இழுத்தால் எது ஆகாது?

இனி, மாறுபட்டு உரைப்போர் கூறும் வாதங்களையும் கேட்டல் முறையாகும். ‘உலகின் மின்னணுக் கழிவோடு ஒப்பிட்டால் அகழ்வுப் பொறிகளின் பங்கு மிகச் சிறிது, அதனைப் பெரிதாக்கிப் பேசுவது ஏன்?’ என்பது ஒரு வாதம். கணக்கு உண்மையே. 30,700 டன் என்னும் உயர்ந்த மதிப்பீட்டை ஏற்றாலும் அது உலகக் கழிவில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். ஆயினும் மருத்துவன் நாடியைப் பார்க்கும்போது உடல் முழுவதையும் தொட்டுப் பார்ப்பதில்லை. மணிக்கட்டின் ஓரிடத்தையே தொடுகிறான். வேறு வேலை அறியாத கருவி, குறுகிய வாழ்நாள், ஓயாத போட்டி, பொறுப்பேற்பார் இன்மை ஆகிய நான்கு குறைகளும் இப்பொறிகளில் ஒருங்கே வெளிப்படுகின்றன. நாளை செயற்கை அறிவுக்கென்று குவிக்கப்படும் கணிப்பொறிகளும் இதே வழியில் செல்லக்கூடும். சிறிதாக இருக்கும்போதே நோயைக் கண்டு மருந்து தேடுவது அறிவுடைமை.

‘இந்த உழைப்பே கணக்கேட்டின் காவல், பொறிகள் இல்லையேல் நம்பிக்கையும் இல்லை’ என்பது மற்றொரு வாதம். இதற்கு எதீரியம் என்னும் மற்றொரு நாணயத்தின் வரலாறே விடை கூறுகிறது. அதுவும் தொடக்கத்தில் கிராபிக்ஸ் அட்டைகளைக் கொண்டு அகழப்பட்டதே. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் அது தன் முறையை மாற்றிக்கொண்டது. எண்களைத் தேடும் போட்டிக்குப் பதிலாக, தம் நாணயங்களைப் பிணையாக வைப்போர் கணக்கை எழுதும் முறை வந்தது. அதன் மின்செலவு நூற்றுக்கு 99 பங்குக்கும் மேலாகக் குறைந்தது. அகழ்ந்த அட்டைகள் பல விலைக்கு வந்து வேறு வேலைக்குச் சென்றன. புதிய முறை குறையற்றது என்று கூற வேண்டுவதில்லை. செல்வம் மிகுந்தவர் கை ஓங்கும் என்று அஞ்சுவோர் உண்டு. எனினும், பொறிகளைக் குவித்துக் குவித்துக் கழித்தாலன்றிக் கணக்கேடு நிலைக்காது என்னும் கூற்று அன்றோடு வலிமை இழந்தது. வழி இருக்கிறது, மனம் இருந்தால் மாறலாம்.

‘மறுசுழற்சி ஒன்றே போதும், எவ்வளவு வேண்டுமானாலும் ஆக்கலாம், பிறகு உருக்கிக்கொள்ளலாம்’ என்று கூறுவோரும் உளர். இதுவே மூன்று வாதங்களிலும் ஏமாற்றம் மிகுந்தது. பல உலோகங்களும் பிளாஸ்டிக்கும் பின்னிப் பிணைந்த பலகையிலிருந்து யாவற்றையும் முழுமையாக மீட்டெடுக்க இன்றுள்ள ஆலைகளால் இயலாது. அலுமினியமும் செம்பும் மீளும். சில்லைச் செய்வதற்குச் செலவான தூயநீரும் மின்சாரமும் மனித நுண்ணறிவும் மீளமாட்டா. மறுசுழற்சி நோய்க்கு மருந்து; நோய் வராமல் காப்பது ஆக்கும் முறையில் உள்ள ஒழுங்கு. ஓட்டைப் பானையில் நீரை ஊற்றிக்கொண்டே, ஒழுகும் நீரைக் கையால் ஏந்துவது திறமை ஆகாது. ஓட்டையை அடைப்பதே திறமை.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? முதலாவது, பொறியை எளிதில் பிரிக்கத்தக்கவாறு ஆக்குதல் வேண்டும். சில்லுப் பலகை மட்டும் பழமையாயிற்று என்றால் அதனை மட்டும் மாற்றி, விசிறியையும் பெட்டியையும் மின்வழங்கியையும் மீண்டும் பயன்படுத்த இயல வேண்டும். இரண்டாவது, விற்பவர் அதன் முடிவுக்கும் பொறுப்பேற்றல் வேண்டும். இந்திய அரசு 2022-இல் வகுத்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்திய மின்னணுக் கழிவு விதிகள், மின்னணுக் கருவிகளை உற்பத்தி செய்வோர் மீது இக்கடமையைச் சுமத்துகின்றன. மூன்றாவது, வாங்கும்போதே ஒரு முன்பணம் பெறுதல் நலம். சோடாப் புட்டிக்கு முன்பணம் வாங்கிய கடைக்காரர் வீட்டு வாசலில் புட்டிகள் தாமே வந்து சேர்ந்தன. பெரும்பொருள் ஈட்டும் அகழ்வு நிறுவனங்கள் பொறிக்கு ஒரு தொகையை முன்னரே கட்டினால், பயன் முடிந்த பொறிகளும் தவறாமல் திரும்பி வரும்.

நான்காவது, எல்லை கடந்து கழிவைத் தள்ளும் வழக்கம் ஒழிய வேண்டும். தீங்கு தரும் கழிவுகளைப் பற்றிய பேசல் உடன்படிக்கை 1989-இல் உருவாகி 1992-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் செய்த திருத்தத்தின்படி, 2025 சனவரி 1 முதல், எவ்வகை மின்னணுக் கழிவாயினும் பெறும் நாட்டின் முன் இசைவின்றி அனுப்பலாகாது. நல்ல விதியே. ஆயினும் அகழ்வில் முன்னணியில் நிற்கும் அமெரிக்கா அந்த உடன்படிக்கையில் ஒப்பமிட்டும் இன்றுவரை அதனை உறுதி செய்யவில்லை. மேலும், பழுதில்லாத பழைய பொறி ‘கழிவு’ என்று கருதப்படாமல் ‘சரக்கு’ என்ற பெயரில் துறைமுகத்தைக் கடந்துவிடுகிறது. பெயரை மாற்றினால் இயல்பு மாறுமா? ஓராண்டில் கழிவாகப் போகும் பொருளை அனுப்புவோர், அதனைத் திரும்பப் பெறும் பொறுப்பையும் உடன் அனுப்புதல் வேண்டும்.

சட்டங்கள் எத்தனை வந்தாலும் மக்கள் மனத்தில் மாற்றம் வாராவிடின் அவை ஏட்டளவில் நின்றுவிடும். புதியது வந்தது என்பதற்காகவே பழையதை எறியும் மனப்பான்மை ஒரு தனிப்பட்ட தொழிலுக்கு மட்டும் உரியது அன்று. ஒவ்வொரு வீட்டிலும் பேசாத கைப்பேசிகளும் ஒளிராத திரைகளும் மூலையில் கிடக்கின்றன. அவற்றைச் சாதாரணக் குப்பையோடு கலப்பதும், தீயிலிடுவதும் தவறு என்பதை மாணவர் உணர்ந்து பெற்றோருக்கும் உணர்த்தலாம். இசைவு பெற்ற மறுசுழற்சி நிலையத்தில் அவற்றைச் சேர்ப்பிக்கலாம். ஒரு கருவியை வாங்குமுன், ‘இது எவ்வளவு காலம் உழைக்கும்? பழுதானால் செப்பனிட இயலுமா? பயன் முடிந்தபின் யார் இதனைப் பெற்றுக்கொள்வார்?’ என்னும் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகலாம். வாங்குவோர் கேட்கத் தொடங்கினால் ஆக்குவோர் விடை கூறித்தான் ஆக வேண்டும்.

இன்றைய மாணவருள் சிலர் நாளைய பொறியாளர், சிலர் வணிகர், சிலர் சட்டம் வகுப்போர். வேகம் மிகுந்த பொறியை ஆக்கியவரை உலகம் சில ஆண்டுகள் புகழும். அடுத்த பொறி வந்தவுடன் மறந்துவிடும். ஆக்கிய பொருள் எவருக்கும் தீங்கு செய்யாமல் மீண்டும் மண்ணுக்கோ மனிதனுக்கோ பயன்படுமாறு அமைத்தவரின் பணியே நெடுங்காலம் நிற்கும். நசுங்கிய குடத்தைப் புதுக்குடமாக வார்த்த கன்னாருக்குப் பட்டம் இல்லை; பரிசும் இல்லை. ஆயினும் பொருளின் முடிவு வரை சிந்தித்த அந்த எளிய அறிவு, விநாடிக்கு இலட்சம் கோடி எண்களைப் பார்க்கும் பொறியிடம் இல்லை. அதனை ஆக்கும் மனிதனிடமாவது அது இருத்தல் வேண்டும்.